ஒரே கடல், இரண்டு கண்கள்: சொட்டு மருந்தில் சேரும் காப்புப்பொருள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளியும் முறையீடும்

56 வயதான இந்தப் பெண்மணி பாம்பன் தீவின் தென்கரையில் உள்ள ஒரு மீனவக் கிராமத்தைச் சேர்ந்தவர். மன்னார் வளைகுடாவில் முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுப்பது அவருடைய தொழில். சிறுமியாக இருந்தபோது தாயுடன் கடலில் இறங்கியவர், இன்றும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தவறாமல் இறங்குகிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இரு கண்களிலும் கண் அழுத்த நோய் இருப்பது கண்டறியப்பட்டது. அப்போது வலது கண்ணின் அழுத்தம் 28, இடது கண்ணின் அழுத்தம் 22 மில்லிமீட்டர் பாதரசம். இயல்பான அளவு 10 முதல் 21 வரை. வலது கண்ணில் பார்வை நரம்பின் சேதம் கூடுதலாக இருந்ததால் அதற்கு மூன்று மருந்துகளும், இடது கண்ணுக்கு ஒரே மருந்தும் எழுதித் தரப்பட்டன. சிகிச்சை தொடங்கிய சில மாதங்களில் அழுத்தம் முறையே 16, 15 என்று இறங்கியது.

நான் மருந்தாளுநராகப் பணிபுரியும் கண் சிகிச்சைப் பிரிவுக்கு அவர் வந்தது வேறொரு முறையீட்டுடன். வலது கண் எந்நேரமும் சிவந்திருந்தது. மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. காலையில் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. எரிச்சல் தாங்காமல் இரவில் ஊற்றும் மருந்தைத் தாமாகவே நிறுத்திவிட்டிருந்தார். அன்று அளந்தபோது வலது கண்ணின் அழுத்தம் 25 ஆக இருந்தது; இடது கண்ணில் 16. அவருடைய ஒப்புதலின் பேரிலேயே இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கியிருக்கிறேன்.

காரணம் என்னவென்று கேட்டபோது அவருக்கு ஐயமே இருக்கவில்லை. "கடல்ல முங்கிக் கெடக்குறவ கண்ணு செவக்கத்தானே சார் செய்யும்" என்றார். ராமநாதபுரம் கரையில் கண் சிவந்து வருகிற பெரும்பாலோர் சொல்லும் காரணம் இதுதான். பல நேரங்களில் அது சரியாகவும் இருக்கிறது. உப்புநீர், நீரின் மேல் பட்டுத் திரும்பும் வெயில், கண்ணை அழுத்தும் முங்கு கண்ணாடியின் விளிம்பு, காற்றில் பறக்கும் மணல் என்று கண்ணை வருத்த இங்கே எத்தனையோ உண்டு. வெயிலால் கருவிழியின் மேல் சதை வளர்ந்தவர்களும் இக்கரையில் ஏராளம். அவருடைய வலது கண்ணிலும் மூக்குப் பக்கத்தில் சிறிய சதை வளர்ச்சி இருந்தது. ஆனால் இடது கண்ணிலும் அதே அளவுக்கு இருந்தது.

கடல் காரணமாக இருக்க முடியாது என்று எங்களை எண்ண வைத்தவை இரண்டு செய்திகள். ஏப்ரல், மே மாதங்களில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக் காலத்தையொட்டி, பாசி எடுக்கும் பெண்களும் 45 நாள் தாங்களாகவே கடலுக்குப் போகாமல் இருக்கிறார்கள். அந்த நாட்களில் கண் எப்படி இருந்தது என்று மருத்துவர் கேட்டார். "அப்பவும் செவந்துதான் இருந்துச்சு, கொறையவே இல்ல" என்று அவர் யோசித்துச் சொன்னார். அடுத்தது அதைவிட எளிமையானது. இரண்டு கண்களும் ஒரே கடலில்தான் முங்குகின்றன. ஒரே வெயிலைத்தான் பார்க்கின்றன. அப்படியிருக்க, இடது கண் தெளிவாகவும் வலது கண் மட்டும் புண்ணாகவும் இருப்பதற்குக் கடல் விளக்கம் தரவில்லை. இரு கண்களுக்கும் இடையே இருந்த பெரிய வேறுபாடு, அவற்றில் ஊற்றப்பட்டவைதான்.

மஞ்சப்பையில் இருந்தவை

வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் அடுத்த முறை கொண்டுவரச் சொல்லியிருந்தோம். மஞ்சப்பையைக் கவிழ்த்தபோது மேசையில் விழுந்தவற்றுள் மருத்துவர் எழுதித் தந்தவை மூன்றே: இரவில் ஒரு முறை ஊற்றும் லட்டனோபிரோஸ்ட், இருவேளை ஊற்றும் டிமோலால், மூன்று வேளை ஊற்றும் டோர்சோலமைடு. நான்காவது, மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய, சிவப்பைப் போக்கும் நாபசோலின் சொட்டு. வலது கண் சிவக்கச் சிவக்க அதை ஒரு நாளைக்கு நான்கு முறை ஊற்றி வந்திருக்கிறார். லட்டனோபிரோஸ்ட் புட்டியின் லேபிள் ஊறிக் கழன்று போயிருந்தது. மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும் என்று யாரோ சொன்னதால், மீன் வைக்கும் ஐஸ் பெட்டியின் ஓரத்தில் அதைச் செருகி வைத்திருந்தாராம். ஐஸ் உருகிய நீரில் கிடந்த புட்டியின் மூடி இடுக்கில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன். இந்தச் செதிலைப் பற்றிப் பின்னர் பேச வேண்டியிருக்கிறது.

நான்கு புட்டிகளிலும் மருந்து வேறு வேறு. ஆனால் நான்கிலும் பொதுவாக ஒன்று இருந்தது. அது, திறந்த புட்டிக்குள் கிருமி வளராமல் தடுக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு என்னும் காப்புப்பொருள். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் உள்ள 'எஃப் எஃப்' அட்டவணை, கண் மருந்துப் புட்டிகளின் மேல் காப்புப்பொருளின் பெயரையும் அளவையும் அச்சிட வேண்டும் என்கிறது. திறந்த ஒரு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற எச்சரிக்கையையும் கேட்கிறது. ஆகவே இந்தத் தகவல் ஒளித்து வைக்கப்பட்டதன்று; புட்டியின் மேலேயே, எறும்பெழுத்தில் இருக்கிறது. மருந்துக் கடைக்காரரோ மருந்தாளுநரோ அதை வாசித்துச் சொல்லாவிட்டால் நோயாளிக்கு அது எட்டவே போவதில்லை. இது எங்கள் தொழிலில் இருப்பவர்களின் கடமை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பென்சால்கோனியம் குளோரைடு, குவாட்டர்னரி அம்மோனியம் வகையைச் சேர்ந்த உப்பு. சோப்பைப் போலவே இதன் மூலக்கூறின் ஒரு முனை நீரையும் மறு முனை கொழுப்பையும் நாடும். பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வைக் குலைத்து அதைக் கொல்வது இந்தத் தன்மையால்தான். ஆனால் கொழுப்புச் சவ்வு பாக்டீரியாவுக்கு மட்டும் உரியதன்று. கண்ணீர்ப் படலத்தின் மேற்பரப்பில் உள்ள எண்ணெய் அடுக்கும், கருவிழியின் மேல்தோல் செல்களும், கண்ணீரைக் கண்ணில் ஒட்ட வைக்கும் சளியைச் சுரக்கும் கோப்பைச் செல்களும் இதே தாக்குதலுக்கு ஆளாகின்றன. எண்ணெய் அடுக்கு குலைந்தால் கண்ணீர் விரைவில் ஆவியாகிறது, சளி குறைந்தால் கண்ணீர் பரவாமல் திட்டுத் திட்டாக உடைகிறது, கண் உலர்கிறது, உலர்ந்த கண் எரிகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் வெண்படலத்தில் நீடித்த அழற்சி தங்கிவிடுகிறது. பிற்காலத்தில் கண் அழுத்த நோய்க்கு அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தால், அந்த அழற்சியால் தழும்பு கூடி, சிகிச்சையின் பலனும் குறைகிறது.

அப்படியானால் இந்தப் பொருளை ஏன் இன்னும் அனுமதிக்கிறார்கள் என்ற கேள்வி இயல்பாக எழும். பல ஆண்டுகளாக உலகில் அதிகமாகப் பயன்படும் கண் காப்புப்பொருள் இதுவே. கண்ணில் கிருமி தொற்றி ஒரு வாரத்துக்குச் சொட்டு மருந்து ஊற்றிக்கொள்பவர்களில் பெரும்பாலோருக்கு இதனால் தீங்கு எதுவும் நேர்வதில்லை. தீங்கு என்பது அளவையும் காலத்தையும் பொறுத்தது. கண் அழுத்த நோயாளியோ ஆயுள் முழுவதும், பல புட்டிகளிலிருந்து ஊற்றுகிறார். அதனால் ஒவ்வொரு புட்டியையும் தனித்தனியாக 'பாதுகாப்பானது' என்று சொல்வது இவரைப் பொறுத்தவரை போதுமான விடையாக இல்லை. இந்த நிகழ்விலிருந்து நான் சொல்ல விரும்பும் செய்தி இதுதான்: காப்புப்பொருளின் பாதுகாப்பைப் புட்டி புட்டியாக மதிப்பிடக் கூடாது, அந்தக் கண்ணில், அந்த உடலில், ஒரு நாளில் மொத்தமாகச் சேரும் சுமையைக் கொண்டு மதிப்பிட வேண்டும்.

சுமையைக் கணக்கிட்டபோது

லட்டனோபிரோஸ்டில் காப்புப்பொருளின் அளவு 0.02 சதவீதம். டிமோலாலில் 0.01, டோர்சோலமைடில் 0.0075, கடையில் வாங்கிய சொட்டில் 0.01 சதவீதம். ஒரு சொட்டை ஏறத்தாழ 40 மைக்ரோலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். லட்டனோபிரோஸ்டின் ஒரு சொட்டில் 8 மைக்ரோகிராம், டிமோலாலின் இரண்டு சொட்டில் 8, டோர்சோலமைடின் மூன்று சொட்டில் 9, சிவப்புப் போக்கியின் நான்கு சொட்டில் 16. இரவு மருந்தை நிறுத்துவதற்கு முன் வலது கண்ணில் நாளொன்றுக்கு விழுந்தது மொத்தம் 41 மைக்ரோகிராம். டிமோலால் மட்டும் விழும் இடது கண்ணில் 8. ஐந்து மடங்குக்கு மேல். கண்ணிமைக்குள் ஏறத்தாழ 30 மைக்ரோலிட்டர்தான் தங்கும். மீதி கன்னத்தில் வழிந்துவிடும். எனவே இவை ஊற்றிய அளவுகளே தவிரக் கண்ணில் நின்ற அளவுகள் அல்ல. ஆனாலும் இரு கண்களையும் ஒப்பிட இந்தக் கணக்கு போதும்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது, நான்கு புட்டிகளில் மிக அதிகமான சுமை மருத்துவர் எழுதாத புட்டியிலிருந்து வந்திருந்ததுதான். மருந்தினால் கண் சிவந்தது; சிவப்பைப் போக்க வாங்கிய மருந்திலும் அதே பொருள் இருந்தது; அது சிவப்பைக் கூட்டியது. நாபசோலின் தானே வேறு வகையிலும் ஏமாற்றும். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சில மணி நேரம் கண்ணை வெளுக்க வைக்கும். அதன் வேலை முடிந்ததும் குழாய்கள் முன்னைவிட விரிந்து கண் மேலும் சிவக்கும்.

செறிவைப் பற்றி இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மருந்தின் வீரியம் குறைவு என்றால் புட்டியே மென்மையானது என்று நம்பிவிடக் கூடாது. பைமாட்டோபிரோஸ்ட் என்னும் கண் அழுத்த மருந்து 0.03 சதவீதத்தில் முதலில் வந்தபோது அதில் பென்சால்கோனியம் 0.005 சதவீதம் இருந்தது. பிறகு மருந்தை 0.01 சதவீதமாகக் குறைத்து வெளியிட்ட வடிவத்தில் காப்புப்பொருள் 0.02 சதவீதம், அதாவது நான்கு மடங்கு. முகப்பில் பெரிதாக அச்சிட்ட எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

காரணத்தை உறுதி செய்த விதம்

சந்தேகம் வலுவாக இருந்தாலும், காப்புப்பொருளே காரணம் என்று உடனே முடிவு கட்ட முடியாது. லட்டனோபிரோஸ்ட் என்ற மருந்தே கண்ணைச் சிவக்க வைக்கும். டோர்சோலமைடு கரைசல் அமிலத்தன்மை உடையது; ஊற்றியதும் எரியும். இமையைத் தடிக்க வைக்கும் ஒவ்வாமையும் அதனால் வருவதுண்டு. ஆனால் இவருக்கு அரிப்பு இல்லை, இமை வீக்கம் இல்லை, பீளையும் இல்லை. மேல்தோல் புண்பட்ட இடங்களைக் காட்டும் ஃபுளோரசீன் சாயமிட்டு நீல ஒளியில் பார்த்தபோது வலது கருவிழியின் கீழ்ப்பாதியில் ஊசிக்குத்துப் போன்ற பச்சைப் புள்ளிகள் நிறைந்திருந்தன. கண்ணீர்ப் படலம் நான்கு வினாடிகளில் உடைந்தது. பத்து வினாடிகளுக்கு மேல் நிற்பதுதான் இயல்பு. இடது கண்ணில் ஓரிரு புள்ளிகளே இருந்தன. படலம் ஒன்பது வினாடிகள் நின்றது.

முதலில் கடையில் வாங்கிய சொட்டை மட்டும் நிறுத்தினோம். இரண்டு வாரத்தில் சிவப்பு ஓரளவு தணிந்தது. ஆனால் கருவிழியின் புள்ளிகள் அதிகம் குறையவில்லை. நாபசோலினின் எதிர்விளைவு மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இத்துடன் கதை முடிந்திருக்கும்.

அடுத்து, மருந்துகளை மாற்றாமல் காப்புப்பொருளின் சுமையை மட்டும் குறைப்பது என்று மருத்துவர் தீர்மானித்தார். அதே லட்டனோபிரோஸ்ட், ஆனால் பென்சால்கோனியம் சேராத தயாரிப்பு. டிமோலாலும் டோர்சோலமைடும் இரண்டு புட்டிகளாக ஐந்து முறை ஊற்றுவதற்குப் பதில், இரண்டும் கலந்த ஒரே புட்டியிலிருந்து நாளுக்கு இரண்டு முறை. அந்தக் கலவையில் பென்சால்கோனியம் இருக்கத்தான் செய்கிறது, 0.0075 சதவீதம். புதிய கணக்கின்படி வலது கண்ணின் நாள் சுமை 41 இலிருந்து 6 மைக்ரோகிராமாக இறங்கியது. உலர்ந்த கண்ணுக்கு இதம் தரக் காப்புப்பொருள் இல்லாத செயற்கைக் கண்ணீர், ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் சிறு குப்பிகளில் தரப்பட்டது. ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிட இடைவெளி விடவும், ஊற்றியபின் மூக்கை ஒட்டிய கண் மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்கவும் செவிலியர் செய்து காட்டினார். டிமோலால் மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியது என்பதால், இழைப்பு நோய் உண்டா என்றும் மீண்டும் ஒருமுறை கேட்டுக்கொண்டோம், இல்லை.

ஆறு வாரத்தில் வலது கண்ணின் அழுத்தம் 17. மூன்றாம் மாதத்தில் கருவிழிப் புள்ளிகள் பெரும்பாலும் மறைந்திருந்தன. கண்ணீர்ப் படலம் எட்டு வினாடிகள் நின்றது. இந்த மாதங்களில் அவர் கடலுக்குப் போவதை நிறுத்தவில்லை. கடலும் அப்படியே, மருந்துகளும் அவையே. மாறியவை காப்புப்பொருளின் சுமையும் நாபசோலினும், புதிதாகச் சேர்ந்த செயற்கைக் கண்ணீரும்தான். டோர்சோலமைடு மூன்று வேளையிலிருந்து இரண்டு வேளையானதும் எரிச்சல் தணியச் சிறிது உதவியிருக்கலாம் என்பதை மறுக்க முடியாது. ஒரே நோயாளியிடம் இதற்கு மேல் பிரித்துக் காட்டுவது கடினம்.

இந்தப் பெண்மணிக்குக் காப்புப்பொருள் செய்த மிகப் பெரிய தீங்கு கருவிழியின் புள்ளிகள் அல்ல என்பது என் கருத்து. எரிச்சலால் அவர் இரவு மருந்தைக் கைவிட்டார். அழுத்தம் 25க்கு ஏறியது. புள்ளிகள் ஆறிவிடும், இழந்த பார்வை நரம்பு திரும்பி வராது. மருந்து எரிகிறது என்று சொல்லும் நோயாளியிடம் 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று பதில் சொல்லி அனுப்புவது, அவரை மருந்தை நிறுத்தச் சொல்வதற்குச் சமம்.

மூடி வைத்த குப்பி

நல்ல முன்னேற்றம் தெரிந்த அதே வருகையில் இன்னொரு சிக்கல் வெளிப்பட்டது. செயற்கைக் கண்ணீர்க் குப்பிகள் எதிர்பார்த்ததைவிட மெதுவாகச் செலவாகியிருந்தன. விசாரித்தபோது, ஒரு குப்பியைத் திருகித் திறந்து, மூடியைத் தலைகீழாக்கிச் செருகி, இரண்டு மூன்று நாள் வைத்துப் பயன்படுத்துவதாகச் சொன்னார். "ரெண்டு சொட்டு ஊத்திட்டு மிச்சத்தத் தூக்கி எறியச் சொன்னா மனசு வருமா சார்? காசு குடுத்து வாங்குனது." அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இக்குப்பிகளின் விலை சாதாரணப் புட்டியைவிடப் பல மடங்கு. பாசிக்குக் கிடைக்கும் கூலியை அறிந்தவர்கள் அவரைக் குறைசொல்ல மாட்டார்கள். குப்பிகள் இருந்த இடமும் அதே ஐஸ் பெட்டிதான்.

முன்பு சொன்ன மீன் செதிலின் முக்கியத்துவம் இங்கேதான் வருகிறது. செதில் ஒட்டியிருந்த அந்தப் பழைய புட்டிக்குள் பென்சால்கோனியம் இருந்தது. வெளியிலிருந்து உள்ளே போன கிருமிகளை அது கொன்றுகொண்டிருந்தது. புதிய குப்பிக்குள் அப்படிக் காவல் எதுவும் இல்லை. கண்ணைப் புண்ணாக்கிய பொருளை நீக்கியதன் மூலம், கண்ணைக் காத்துக்கொண்டிருந்த பொருளையும் நாங்கள் நீக்கியிருந்தோம். ஒருமுறை திறந்து, ஊற்றி, எறிந்துவிட்டால் மட்டுமே அந்தக் குப்பி பாதுகாப்பானது. நல்லவேளையாகத் தொற்று எதுவும் ஏற்பட்டிருக்கவில்லை.

ஏற்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அதில் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு இருக்கிறது. 2023இல் அமெரிக்காவில், எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காத சூடோமோனாஸ் கிருமி 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியது. நான்கு பேர் இறந்தனர்; 14 பேர் பார்வையை இழந்தனர்; நான்கு பேருக்குக் கண்ணையே அகற்ற நேர்ந்தது. அந்தத் தொற்று, செங்கல்பட்டு மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரான செயற்கைக் கண்ணீருடன் தொடர்புபடுத்தப்பட்டது. பலமுறை திறந்து மூடும் புட்டியில் போதிய காப்புப்பொருள் இல்லாமல் நிரப்பியதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு குறைகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டது. 'காப்புப்பொருள் இல்லாதது' என்பது விளம்பரத்தில் நல்ல சொல்தான். அந்தச் சொல்லுக்குரிய புட்டி ஒருமுறைக் குப்பியாக இருக்க வேண்டும். அல்லது கிருமியை உள்ளே விடாத வடிகட்டியோ தடுப்பு வால்வோ பொருத்திய தனிவகைப் புட்டியாக இருக்க வேண்டும். சாதாரணப் புட்டியில் அந்தச் சொல் ஆபத்து.

மருமகள் கேட்ட கேள்வி

மூன்றாவது வருகையில் உடன் வந்த மருமகள், மடியில் இரண்டரை மாதக் குழந்தையுடன், தயங்கியபடி கேட்டார்: "மருந்து கெடாம இருக்கப் போடுறதுதான் அத்த கண்ணக் கெடுத்துச்சுன்னு சொல்றீங்க. புள்ளைக்குப் போடுற ஊசியிலயும் அப்படி ஒண்ணு கலக்குறாங்களாமே, பாதரசம்னு சொல்றாங்களே?" நர்ஸம்மா வீட்டுக்கு வந்து கூப்பிட்டும், முதல் தவணை ஊசிக்கு அவர் போகவில்லை. ஒரு கண்ணில் நாங்கள் கண்டுபிடித்த உண்மை, அந்த வீட்டில் ஒரு குழந்தையின் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டிருந்தது. இந்த ஆய்வை எழுத என்னைத் தூண்டியதே இந்தக் கேள்விதான்.

அவர் கேட்டது உண்மைதான். பல தவணைகள் கொண்ட தடுப்பூசிக் குப்பிகள் சிலவற்றில் தியோமெர்சால் என்னும் காப்புப்பொருள் இருக்கிறது. அதன் எடையில் ஏறத்தாழ பாதி பாதரசம். 0.01 சதவீதம் சேர்த்த குப்பியில் அரை மில்லிலிட்டர் தவணைக்கு 50 மைக்ரோகிராம் தியோமெர்சால், அதில் பாதரசம் ஏறத்தாழ 25 மைக்ரோகிராம். சில தடுப்பூசிகளில் இதிலும் பாதி. ஆனால் அது எத்தில் பாதரசம். பெரிய சுறா, கொப்பரன் போன்ற மீன்களில் சேர்ந்து நரம்பைத் தாக்குவது மெத்தில் பாதரசம். அது ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகும். எத்தில் பாதரசமோ ஒரு வாரத்துக்குள் பாதியாகி, மலத்துடன் வெளியேறுகிறது. 1999இல் அமெரிக்கா முன்னெச்சரிக்கையாகக் குழந்தைகளின் ஊசிகளிலிருந்து தியோமெர்சாலை விலக்கச் சொன்னது. தியோமெர்சாலால் ஆட்டிசம் வருமோ என்ற பலருடைய அச்சத்துக்கு அந்த முடிவே வித்தானது. டென்மார்க் அதற்கு முன்பே, 1992இல் விலக்கிவிட்டது. விலக்கிய பின்னும் அங்கே ஆட்டிசம் பதிவாவது குறையவில்லை, கூடியே வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசிப் பாதுகாப்புக் குழு, இந்த அளவில் தீங்கு இருப்பதாகச் சான்று இல்லை என்றே தொடர்ந்து சொல்லி வருகிறது.

காப்புப்பொருள் இல்லாத குப்பி என்ன செய்யும் என்பதை ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் நகரம் 1928 ஜனவரியில் கண்டது. தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிராக 21 குழந்தைகளுக்கு ஊசி போடப்பட்டது. பலமுறை ஊசி நுழைந்த, காப்புப்பொருள் சேராத குப்பியில் ஸ்டேஃபிலோகாக்கஸ் கிருமி பெருகியிருந்தது. 12 குழந்தைகள் இறந்தனர். விசாரித்த ஆணையம், பலமுறை எடுக்கும் குப்பிகளில் கிருமியைத் தடுக்கும் பொருள் சேர்க்கப்பட வேண்டும் என்றது. காப்புப்பொருள் சேர்க்க முடியாத தடுப்பூசிகளும் உண்டு. உயிருள்ள கிருமியால் ஆன தட்டம்மை ஊசியில் சேர்த்தால் ஊசியே செத்துவிடும். அதனால்தான் நம் ஊர் முகாம்களில் தட்டம்மை-ரூபெல்லா, பி.சி.ஜி. குப்பிகளை, தூளைத் திரவத்தில் கலந்த நான்கு மணி நேரத்தில் கொட்டிவிடுகிறார்கள். ஐந்து நோய்களைத் தடுக்கும், காப்புப்பொருள் உள்ள பென்டாவேலன்ட் போன்ற குப்பிகளை மட்டும் உரிய குளிர்நிலையில் 28 நாள் வரை வைத்துக்கொள்கிறார்கள். 2017இல் தெற்கு சூடானில் கலந்த தட்டம்மை ஊசியை நான்கு நாட்கள் குளிரூட்டாமல் பயன்படுத்தியதில் 15 குழந்தைகள் இறந்தன. ஒரே சிரிஞ்சும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தப்பட்டிருந்தது.

காப்புப்பொருளால் குழந்தைகள் இறந்ததே இல்லை என்றும் அவரிடம் நான் சொல்லவில்லை, அது பொய்யாகும். பென்சைல் ஆல்கஹால் சேர்த்த உப்புநீரால் குறைமாதக் குழந்தைகளின் ரத்தக் குழாய்க் குழல்களைத் திரும்பத் திரும்பக் கழுவியதில், மூச்சு திணறிப் பல குழந்தைகள் இறந்ததை 1982இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளிப்படுத்தினார்கள். அதில் இருந்தது 0.9 சதவீதம்தான், பெரியவர்களுக்கு ஊசி மருந்துகளில் அன்றாடம் போகும் அளவு. ஒரு கிலோ எடைகூட இல்லாத குழந்தைக்கு நாள் முழுவதும் அது ஏறியபோது, முதிராத ஈரலால் அதைக் கழிவாக மாற்றி வெளியேற்ற முடியவில்லை. அங்கேயும் கேள்வி அதே கேள்விதான்: எந்த உடலில், எந்த வழியில், மொத்தம் எவ்வளவு. ஆயிரம் நாளுக்கும் மேலாக ஒரு கண்ணில் தினமும் பத்துச் சொட்டு விழுவதும், ஒரு குழந்தையின் தொடையில் சில தவணைகள் ஊசி போடுவதும் ஒன்றல்ல என்பதை இந்தக் கணக்கைக் காட்டித்தான் அவருக்கு விளக்கினேன். அடுத்த புதன்கிழமை முகாமுக்குக் குழந்தையைக் கொண்டு போனதாக நர்ஸம்மா சொன்னார்.

இப்போதைய நிலை

செயற்கைக் கண்ணீரை நாளுக்கு ஒரே குப்பியாகக் குறைத்திருக்கிறோம். காலையில் கடலுக்குப் போய்த் திரும்பிய பின் திறந்து, இரு கண்ணிலும் ஊற்றிவிட்டு, மிச்சத்தை எறிந்துவிட வேண்டும். கண் தேறிவிட்டதால் இது போதுமானதாக இருக்கிறது, செலவும் தாங்குகிறது. புட்டிகள் ஐஸ் பெட்டியிலிருந்து வெளியே வந்து, அடுப்பின் அனல் படாத இடத்தில் மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவுக்குள் இருக்கின்றன. திறந்த தேதியை ஒவ்வொரு புட்டியிலும் பிளாஸ்திரி ஒட்டி எழுதித் தருகிறோம்.

இடது கண்ணின் மருந்தை மாற்றவில்லை. பென்சால்கோனியம் உள்ள அதே டிமோலால், அதே இருவேளை. கருவிழி தெளிவாக இருக்கிறது, அழுத்தம் 16. எரியாத கண்ணுக்கு விலை கூடிய மருந்தை எழுதித் தந்தால், அந்தச் செலவு வலது கண்ணின் மருந்துக்குத்தான் இடராக முடியும். வலது கண்ணுக்குச் சொட்டுகளின் எண்ணிக்கையை மேலும் குறைக்க, கண்ணின் உள்நீர் வெளியேறும் வடிகால் பகுதியில் செய்யும் லேசர் சிகிச்சையை மருத்துவர் பரிந்துரைத்திருக்கிறார். அடுத்த பார்வைப்புலப் பரிசோதனையின் முடிவைப் பார்த்துவிட்டு, ஏப்ரலில் கடலுக்குப் போகாத நாட்களில் அதைச் செய்துகொள்வதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.